அடுத்த கட்சிக்காரரின் போன்

(வவுனியாவில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்க முன்னர் ஓர் அண்ணன் வந்து, "போன்களை எல்லாம் ஒரு பையில் போட்டு வெளியே வைப்போமா?" என்று கேட்டார். நாங்கள் வேண்டாம் என்றோம். இங்கே ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் ஏன் கேட்டார் என்பது நமக்கு விளங்குகிறது. பாஸ் காட்டி நடமாடிய ஊர் இது. ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ் என்று வாங்கி, அதைத் தாலியைப் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அம்மாமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சண்டைக் காலத்தில் கொழும்பிலிருந்து மகன் போன் எடுத்தால், "அங்கே மழையா அம்மா?" என்றுதான் கேட்பானாம். ஷெல் விழுகிறதா என்று கேட்பதுதான் அது. "தூறல்தான் ராசா" என்பாராம் இவர். மழை விட்டு இத்தனை வருஷமாகியும் போனில் சத்தமாகப் பேச இன்னும் வாய் வருவதில்லை என்கிறார்.

நாங்கள் பேச வந்தது அந்தப் பயத்தைப் பற்றி மட்டுமல்ல. நமக்குள்ளே புதிதாக வந்திருக்கிற ஒரு சந்தோஷத்தைப் பற்றியும்தான். அடுத்த கட்சிக்காரர் மாட்டினால் வருகிற சந்தோஷம் அது.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. லயத்தில் ஒரே வரிசையில் மூன்று வீட்டுக்கு மூன்று கட்சி. அது நல்லதுதான், வாக்கு நம்முடையது. அந்த நாட்களில் நம் சங்கத்துத் தம்பி ஒருவர் பேஸ்புக்கில் கோபமாக ஏதோ எழுதிவிட்டார். மரியாதையான எழுத்து என்று நாங்கள் சொல்ல மாட்டோம், ஆனால் யாரையும் அடிக்கச் சொன்ன எழுத்தும் இல்லை. இன்னொரு கட்சியில் வேலை செய்த நம் அங்கத்தவர் ஒருவரே அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு முறைப்பாடு செய்யப் போனார். தம்பியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. போன் மட்டும் பல வாரம் உள்ளே இருந்தது.

"நல்லா வேணும்" என்றார்கள் மற்றக் கட்சிக்காரர்கள். எங்களோடு உட்கார்ந்து சங்க வேலை செய்கிறவர்களே சொன்னார்கள். அப்போது மாதர் சங்கத் தலைவி அக்காதான் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புள்ளையோட போன்ல நம்ம குரூப்பும் இருக்குல்ல?"

இருந்தது. சங்கத்து வட்ஸ்அப் குழு முழுவதும் அதற்குள் இருந்தது. அடகுக் கடையில் தாலிக்கொடி வைத்த கதையும், யார் வீட்டில் நுண்கடன்காரர் வந்து நிற்கிறார் என்பதும் அதில் இருந்தன. ஒரு பிள்ளையின் கிளினிக் கொப்பிப் படம் இருந்தது. பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை என்ன சொன்னார் என்ற வொய்ஸ் இருந்தது. நாளொன்றுக்கு 1,350 ரூபாவுக்கு மேல் எப்படிக் கேட்பது என்று நாம் போட்ட திட்டமும் இருந்தது. சிரித்தவர்களின் வொய்ஸும் அதே போனில்தான் இருந்தது. சங்கத்தில் எல்லாக் கட்சியும் இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அப்படியானால் நம் ஒவ்வொருவருடைய பேச்சும் அடுத்த கட்சிக்காரரின் போனிலும் இருக்கிறது.

நம்மைக் கண்காணிக்கும் பழக்கம் போனோடு வந்ததல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921 இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்றார்கள். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல வேஷம் போட்டுக்கொண்டு லயங்களுக்குள் போனார் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. யார் யாரோடு பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளத் துரைமாருக்கு அன்றைக்குக் கம்பியும் கோபுரமும் தேவைப்படவில்லை.

இந்த ஊரிலும் அதைப் பார்த்தோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து ஓடி வந்த நம் சனங்களை வவுனியாவிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் குடியமர்த்தியது காந்தியம் அமைப்பு. குடியமர்த்தியதே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. 1983 ஏப்ரலில் டாக்டர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் டாக்டர் கொல்லப்பட்டார். 1984 இல் கென்ற் பண்ணை, டொலர் பண்ணையிலிருந்து நம் குடும்பங்களை விரட்டினார்கள். இந்த மண்டபத்தில் வயதானவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு கதை சொல்கிறோம், இது அவ்வளவாகப் பேசப்படாதது. மார்க் பிரேஸ்கேர்டில் என்று ஓர் இளைஞர். தேயிலைத் தொழில் பழக 1936 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தார். தொழிலாளர் பக்கம் சாய்ந்தார், வேலை போனது. சமசமாஜக் கட்சியில் சேர்ந்து தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். வெள்ளைத்தோலே துரைமாரைத் திட்டினால் பொறுப்பார்களா? 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் 48 மணித்தியாலத்துக்குள் நாட்டை விட்டுப் போ என்று கட்டளை கொடுத்தார். அவர் போகாமல் தலைமறைவானார்.

அன்றைய அரசாங்க சபையில் சமசமாஜக் கட்சிக்கு இரண்டே பேர். என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன. அந்தக் கட்சியின் கொள்கை மற்ற உறுப்பினர்கள் பெரும்பாலானோருக்குப் பிடிக்காது. இருந்தும் ஆளுநரின் கட்டளையைக் கண்டிக்கும் தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடிய எச். வி. பெரேரா சமசமாஜிஸ்ட் அல்ல. 1937 மே 18 இல் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிரேஸ்கேர்டில் சொன்னது சரியா பிழையா என்று யாரும் அங்கே வாக்கெடுக்கவில்லை. ஆளுநருக்குப் பிடிக்காததைப் பேசினால் பிடித்து அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. நாளைக்குத் தமக்கும் அதுதான் என்பது அவர்களுக்கு விளங்கியது.

இன்றைக்கு அந்த விளக்கம் நமக்குக் குறைந்துவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுங்கள். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்தார்கள், 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். பிறகு எத்தனை நிறத்தில் அரசாங்கம் மாறியது! எதிர்க்கட்சியில் இருந்து கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதே சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அப்படித்தான். 2024 ஜனவரி 24 இல் 108 வாக்கு ஆதரவு, 62 எதிர்ப்பு. ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, போனில் நாம் எழுதுவது பொய்யா என்று பார்க்கும். அன்றைக்கு ஆளுந்தரப்பிலும் மலையகக் கட்சி இருந்தது, எதிர்த்தரப்பிலும் இருந்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் அந்த ஆண்டே ஆட்சிக்கு வந்தார்கள். சட்டம் நின்றது. 2024 நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டிப் பேஸ்புக்கில் படம் போட்டதற்காக இளைஞர்கள் கைதானது புதிய ஆட்சியில்தான். நம் சங்கத்தில் இந்த ஆட்சிக்கு வாக்களித்தவர்கள் பலர். அவர்களிடமும் இதைத்தான் சொல்கிறோம்: உங்கள் கட்சியிடம் நீங்களே கேளுங்கள், நீங்கள் கேட்டால்தான் அவர்களுக்கு உறைக்கும்.

இடையில் ஒரு வேடிக்கை. 2022 ஏப்ரல் 3 இல், மக்கள் வீதிக்கு இறங்கியபோது சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே, இதை ஏற்க மாட்டேன், நானும் வி.பி.என். போட்டுத்தான் எழுதுகிறேன் என்று ட்விட்டரில் போட்டார். தங்கள் வீட்டுக் கதவைத் தாங்களே பூட்டிவிட்டு ஜன்னலால் குதித்த கதை.

ரஞ்சன் ராமநாயக்கவின் ஒலிப்பதிவுகள் நினைவிருக்கும். 2020 ஜனவரியில் பொலிஸார் அவர் வீட்டைச் சோதித்த பிறகு, அவர் பதிவுசெய்து வைத்திருந்த தொலைபேசிப் பேச்சுகள் நாடெங்கும் பரவின. அவர் அப்படிப் பதிந்தது சரியில்லை. ஆனால் சோதனையில் எடுத்த பொருள் எப்படித் தெருவுக்கு வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? கொழுந்து மடுவத்தில் நாமும்தான் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டோம். இன்றைக்கு யாருடைய பேச்சு வந்தது, எந்தக் கட்சிக்கு அடி என்று கேட்டோம்.

சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தால் நாம் தப்பினோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1988 இல் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான். ஒட்டுக்கேட்கப்பட்டவர்களில் அவருடைய முகாமைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது? இந்திய உச்சநீதிமன்றம் 2017 ஓகஸ்ட் 24 இல், ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் என்று ஓர் உரிமை எழுதப்படவில்லை. 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், அதன் கீழான விசாரணையில் தொடர்புகளை இடைமறிக்க நீதவானின் பிடியாணை வேண்டும் என்கிறது. ஆனால் அவசரம் என்றால் பிடியாணை இல்லாமலும் செய்யலாம் என்று அங்கேயே ஒரு கதவும் திறந்திருக்கிறது. அவசரம் என்று தீர்மானிப்பது யார்? தேடுகிறவரேதான். ஆகவே அந்தரங்க உரிமையை அரசியலமைப்பில் எழுதச் சொல்லிக் கேட்பது நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். சம்பளம் கேட்பதற்குப் பேச வேண்டும், பேசுவது போனில்தான்.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருவோம். அக்கா கேள்வி கேட்ட பிறகு, முறைப்பாடு செய்தவரும் சேர்ந்துதான் போனைக் கேட்டுப் போனோம். அவர் வந்தது எங்களுக்கே ஆச்சரியம். வழியில் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது ரீ குடிக்க இறங்கிய கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்தான் காசு கொடுத்தார். இன்னும் அவர் அந்தக் கட்சி, தம்பி இந்தக் கட்சி. சண்டை நடக்கிறது, நடக்கட்டும்.

குழுவில் சில பழக்கங்களை மாற்றியிருக்கிறோம். கடன் விஷயம், மருந்து விஷயம், வீட்டுச் சண்டை எதையும் குழுவில் போடுவதில்லை, நேரே போய்ப் பேசுகிறோம். பழைய செய்திகள் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். சங்க அங்கத்தவர் எழுதியதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கட்சிக்கோ, தோட்ட நிர்வாகத்துக்கோ, பொலிஸுக்கோ கொண்டுபோவதற்கு முன்னர் சங்கத்தில் பேச வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தோம். ஒருவரை அடிப்பேன், கொல்லுவேன் என்ற எழுத்து வேறு, அதற்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. போனுக்கு ரகசிய இலக்கம் போடுங்கள். அது பிறந்த வருஷமாக இருக்க வேண்டாம், தோட்டத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய வயதும் தெரியும்.

யாராவது உத்தியோகத்தர் போனைக் கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த முறைப்பாட்டுக்கு, நீதிமன்றக் கட்டளை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். வாங்கினால் வாங்கியதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள். உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைக்கலாம், வவுனியாவிலும் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அந்தத் தூணில் ஒட்டியிருக்கிறோம். போனைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தாவது, போகும்போது பதிந்துகொண்டு போங்கள்.