கற்பிட்டி மணலில் உருளாத சக்கரம்



புத்தளம் ரயில் பாதை பிரதான பாதையிலிருந்து பிரிவது றாகமையில். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் புனர்வாழ்வு வைத்தியசாலையும் அதே ஊரில்தான். முந்தல் பக்கத்து நோயாளியும் தொழில்வழிச் சிகிச்சை படிக்க வரும் பிள்ளையும் ஒரே ரயிலில் வந்திறங்கலாம். படிப்பு முடிந்தபின் பிள்ளையின் மனம் கொழும்பை நாடும். நோயாளி போவது கடற்கரைக்கு.

அந்தக் கடற்கரையிலுள்ள கற்பிட்டியில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கும் சுழியோடிகள் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விறுவிறுவென மேலே வந்தால், உடலில் கரைந்த நைதரசன் குமிழிகளாகக் கிளம்பும். அது முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கினால் கால்கள் இரண்டும் போய்விடலாம். அப்படியொருவருக்குச் சக்கர நாற்காலி கொடுத்து அனுப்பினால் ஏட்டில் சிகிச்சை முடிந்தது. வீட்டு வாசலில் முன்சக்கரங்கள் மணலில் புதைந்து நிற்கும். கிணறும் கழிப்பறையும் முற்றத்துக்கு அப்பால்.

தொழில்வழிச் சிகிச்சையாளருக்கு வேலை அங்கேதான் ஆரம்பம். கடலுக்குப் போக முடியாதவர் வலை பொத்தலாம் என்று சொல்வது எளிது. பொத்துவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இடது கை கிழிந்த கண்ணை விரித்துப் பிடிக்கிறது. வலது பெருவிரலும் சுட்டுவிரலும் ஊசியை நுழைத்து முடிச்சை இறுக்குகின்றன. வலையின் முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொள்பவர்களும் உண்டு. உணர்வில்லாத காலில் அதைச் செய்தால் நைலோன் நூல் தோலை அறுப்பதுகூடத் தெரியாது. தூணில் ஓர் ஆணி அடித்தால் அந்தச் சிக்கல் தீரும். மணிக்கணக்கில் ஒரே இருப்பில் இருந்தால் புண் வரும். இடையிடையே கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கப் பழக்க வேண்டும். இந்த ஆணியைப் பாடநூலில் தேடிப் பயனில்லை.

இதே வழியில், வேலூரில் டாக்டர் போல் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைசெய்து நிமிர்த்தியதோடு நிற்கவில்லை. அங்கிருந்த புதுவாழ்வு நிலையத்தில் அந்த நோயாளிகளுக்குத் தச்சுவேலை பழக்கினார். உணர்வற்ற கை காயப்படாமல் கருவியைப் பிடிக்கும் விதமும் அங்கேயே தெரியவந்தது.

உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. அதில் கணிசமான பங்கு உடப்பு, கற்பிட்டி மீனவர் வீடுகளில் கழிவதே நியாயம். வார்டுக் கட்டிலில் வலை விரிக்க முடியாது.

நோயாளியின் குறிப்பில் 'மீனவர்' என்று மட்டும் எழுதுவதும் போதாது. கரைவலை இழுப்பவரா, சுழியோடியா, வாடியில் மீன் காயவைப்பவரா என்று கேட்டு எழுத வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் கேட்கத் தெரிய வேண்டும். புத்தளத்து வார்டில் இரண்டுக்கும் ஆள் இருப்பார்கள்.