தர மதிப்பீடும் நம் மாணவர்களும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் பணியாற்றாத பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் பல்கலைக்கழகங்களின் தர மதிப்பீட்டைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சங்கத்தார் இப்பொருளை எனக்கு அளித்ததற்குக் காரணம் உண்டு. இச்சங்கத்தின் துணையோடு உயர்கல்வி புகுந்த பிள்ளைகள் இன்று பல கல்லூரிகளில் பயில்கின்றனர். 'நாக் கமிட்டி வருகிறது' என்னும் பேச்சு அவர்கள் காதில் விழுந்திருக்கும். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கப்படுவதையும் கண்டிருப்பர். ஆயினும் அது பேராசிரியர்களின் காரியம், நமக்கு அதில் யாதொரு தொடர்பும் இல்லை என்றே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதைக் கூறவே இங்கு நிற்கிறேன்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 1994ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று மன்றத்தை நிறுவியது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே 'நாக்'. அது வழங்கும் சான்று பொதுவாக 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் மீண்டும் மதிப்பீடு. 2017ல் திருத்தி வகுத்த முறையில் 7 அளவுகோல்கள். பல்கலைக்கழகத்திற்கு மொத்தம் 1000 மதிப்பெண்கள். ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கும் தேர்வுக்கும் 200, மற்றவை பாடத்திட்டம், கட்டடம், மாணவர் நலன், நிருவாகம் முதலானவற்றிற்கு. இவற்றை 4 புள்ளி அளவுக்கு மாற்றி, 3.51க்கு மேல் பெற்றால் ஏ++ என்றும், 1.50ஐத் தாண்டாவிட்டால் சான்றே இல்லை என்றும் வகுத்தனர்.

பள்ளியின் ஆண்டாய்வை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்வி அலுவலர் வரும் நாளன்று தோரணம் கட்டுவது ஆயத்தம் ஆகாது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு ஆகியவை ஆண்டு முழுவதும் அன்றன்று எழுதப்பட்டிருந்தால் அதுவே ஆயத்தம். ஒரே நாளில், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் ஓராண்டுப் பதிவேட்டையும் எழுதி முடிக்கும் பள்ளிகளும் உண்டு. ஆய்வாளர் கண்ணுக்கு அது தப்பாது. பல்கலைக்கழகத்திலும் இவ்வாறே. கடந்த 5 ஆண்டுகளின் விவரங்களைத் திரட்டித் தன்னாய்வு அறிக்கை ஒன்றை எழுதவேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவணம் காட்டவேண்டும். மன்றம் அவற்றைச் சரிபார்த்த பின்னரே வல்லுநர் குழு நேரில் வருகிறது. மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு, இவ்வாறு எண்களாகத் தரப்படும் விவரங்களைப் பொறுத்தது. ஆதலின் குழு வாயிற்படியில் கால் வைக்கும் முன்பே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. மாலையும் மேளமும் அதனை மாற்றா.

இந்த எண்களுக்குள்ளேதான் நாம் இருக்கிறோம். இடஒதுக்கீட்டு இடங்களில் எத்தனை விழுக்காடு நிரப்பப்பட்டன என்பது ஒரு வினா. உதவித்தொகை பெற்றோர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது பிறிதொன்று.

முதல் வினாவைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அது ஒதுக்கீட்டுப் பிரிவுகள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டிக் கேட்கிறது. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 50, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. எடுத்துக்காட்டாக, 100 இடங்கள் உள்ள ஒரு துறையில் அந்த 50 இடங்களும் நிரம்பி, நமக்கும் பழங்குடியினருக்கும் உரிய 19ல் 10 மட்டுமே நிரம்பியதாக வைத்துக்கொள்வோம். 69க்கு 60, அதாவது 87 விழுக்காடு. தாளில் பார்ப்பவர் மிக நன்று என்பார். நம் பங்கில் ஏறக்குறைய பாதி காணாமற் போனது அந்த 87க்குள் மறைந்துவிடும். கணக்கில் பொய் இல்லை. கூட்டிய விதத்தில் உண்மை ஒளிந்துகொண்டது. எனவே பிரிவு வாரியாகவும், துறை வாரியாகவும், குறிப்பாக முனைவர் பட்ட ஆய்வுக்கும் தனித்தனியே கேட்கவேண்டும். தன்னாய்வு அறிக்கையும் ஆண்டுதோறும் தரும் தர அறிக்கையும் நிறுவனத்தின் இணையதளத்தில் யாவரும் காண வெளியிடப்படவேண்டியவை. அவற்றைப் படித்த நம்மவர் எத்தனை பேர்?

எண்களைக் கொண்டு வழக்காடும் இவ்வழி நமக்குப் புதியதன்று. 1928ல் சைமன் குழுவின் முன் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோரின் கல்வி நிலையைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் ஓர் அறிக்கை அளித்தார். வெறும் முறையீடாக அன்றி, ஒவ்வொரு பிரிவினரும் தொடக்கக் கல்வியில் எங்கு நிற்கின்றனர், கல்லூரியில் எங்கு நிற்கின்றனர் என அட்டவணையிட்டு எடுத்துரைத்தார். அரசின் புள்ளிவிவரமே அரசுக்கு எதிரான சாட்சியாயிற்று.

உதவித்தொகைக்கு வருவோம். எத்தனை பேர் பெற்றனர் என்பதே அறிக்கையில் ஏறும். எப்பொழுது பெற்றனர் என்பது ஏறாது. ஜூனில் சேர்ந்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டு தொகை வந்தாலும் 'பெற்றவர்' பட்டியலில் அவன் ஒருவனே. கட்டாயக் கட்டணங்களை நம் மாணவரிடம் வாங்கலாகாது என்பதற்காக 2012ல் பிறந்த அரசாணை 92 இருந்தும், 'முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்' என்னும் குரல் இன்னும் கேட்கிறது. கட்டணச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதுவும் ஓர் ஆவணம்.

மாணவர் கருத்துக் கணிப்புக்கு மட்டும் பல்கலைக்கழக மதிப்பீட்டில் 50 மதிப்பெண்கள். மன்றமே மாணவரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக வினாத்தாளை அனுப்புகிறது. ஆசிரியர் பாடத்தை எவ்வளவு முடித்தார், மதிப்பிடுவதில் நேர்மை உண்டா என்பன போன்ற வினாக்கள்; இறுதியில் நம் கருத்தை எழுதவும் இடம் உண்டு. இங்குதான் நம் பிள்ளைகள் வாய்ப்பை இழக்கின்றனர். சேர்க்கையின்போது கணினி மையத்தில் யாரோ ஒருவர் திறந்து கொடுத்த மின்னஞ்சல். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். வந்த மடல் திறக்கப்படாமலே கிடக்கும். இன்றே உங்கள் பெயரில் மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் திருத்திப் பதியச் செய்யுங்கள்.

இவ்வாறு கூறுவதால் கல்லூரியைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. தரம் தாழ்ந்தால் முதலில் அடிபடுபவர் நாமே. அஞ்சல்வழிக் கல்வி எத்தனையோ நம் வீடுகளில் முதற் பட்டதாரியை உண்டாக்கிற்று. 2020ஆம் ஆண்டு விதிகள் அத்தகைய படிப்பை நடத்தவே 3.01 புள்ளியைப் பொதுத் தகுதியாக்கின. பணமுள்ளவன் வேறிடம் போவான். நாம் எங்கே போவது?

அதே வேளையில் தரக்குறியை முழு உண்மையென மயங்கவும் வேண்டா. 1857ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் 2023ல் ஏ++ பெற்றது, பெருமைதான். 2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை வருமானவரித் துறை முடக்கியது. உயர்ந்த தரக்குறியும் வெறும் கருவூலமும் ஒரே வளாகத்தில் குடியிருக்க முடிந்தது. இன்னொன்று, கசப்பானது. 2025 பிப்ரவரியில், ஆந்திர மாநிலத்தின் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு உயர்தரம் அளிக்கக் கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, ஆய்வுக் குழுவினரையே மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. தேர்வு எழுதும் மாணவன் பார்த்து எழுதினால் வெளியேற்றும் உலகம் இது!

2024 சனவரியில், தரவரிசையை விடுத்து 'சான்று உண்டு, இல்லை' என்னும் இருநிலை முறையைக் கொண்டுவரப்போவதாக மன்றம் அறிவித்தது. முறை எவ்வாறு மாறினும் ஆவணமே அடிப்படை என்பது மாறப்போவதில்லை.

வல்லுநர் குழு மாணவரையும் பெற்றோரையும் முன்னாள் மாணவரையும் சந்திக்கும் நேரம் ஒன்று உண்டு. யாரை அழைப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. பெரும்பாலும் நன்றாகப் பேசுபவரும் நல்லதையே பேசுபவரும் அமர்வர். முன்னாள் மாணவர் சங்கத்தில் நம்மவர் உறுப்பினராகப் பதிந்துகொண்டால் அந்த அறைக்குள் நமக்கும் நாற்காலி உண்டு. அங்கு சென்று விடுதியின் குடிநீர், நூலகம் மூடப்படும் நேரம், புகார்ப் பெட்டி திறக்கப்படும் நாள் இவற்றைப் பணிவாகவும் தெளிவாகவும் கூறுங்கள். கோபமாகக் கூறியது குறிப்பேட்டில் ஏறுவது அரிது.

வருகிற ஞாயிறு முதல் நம் சங்க நூலகத்தில் காலை 10 மணிக்கு, நம் பிள்ளைகள் பயிலும் கல்லூரிகளின் அறிக்கைகளை ஒவ்வொன்றாக அச்செடுத்துப் படிக்க எண்ணியுள்ளேன். ஆங்கிலத்தில் இருக்குமே என்று அஞ்சவேண்டா, நான் உடனிருப்பேன். வருவோர் ஒரு குறிப்பேடும், கட்டணச் சீட்டு வைத்திருப்போர் அதன் படியையும் கொண்டு வருக.