பாளையத்தில் ஒரு சபை

திருவனந்தபுரத்துக் கோட்டைக்கு வடக்கே பாளையம் என்னும் பகுதி இருக்கின்றது. முன்னாளில் திருவிதாங்கூர்ப் படையினர் தங்கிய இடமாதலின் அப்பெயர் பெற்றது. பிள்ளையார் கோயிலும், பள்ளிவாசலும், கத்தோலிக்கப் பேராலயமும் அங்கே அண்டை வீட்டார்போல் அருகருகே நிற்கின்றன. அவற்றைக் கடந்து பொருட்காட்சிசாலையை நோக்கிச் செல்வோமானால் 'எல்.எம்.எஸ்.' வளாகத்தை அடைகின்றோம். லண்டன் மிஷன் சங்கம் என்பதன் சுருக்கம் அது. அவ்வளாகத்தில் கூடும் சபையின் கதை, தெற்கே தமிழ் வழங்கும் மயிலாடியில் தொடங்குகின்றது என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்பார் தஞ்சாவூர் சென்றவிடத்துக் கிறிஸ்து சமயத்தைத் தழுவி, ஊர் திரும்பித் தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டுமென்று முயன்றார். அதன் பயனாக 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அழைத்தவர் தமிழர் என்பதை நாம் மறத்தலாகாது.

அங்கிருந்து வடக்கே பரவிய பணி, 1838இல் ஜான் காக்ஸ் என்பாரால் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் நிலைகொண்டது. தமிழிற் பிறந்த சபை மலையாளம் பேசும் நாட்டில் வளரத் தொடங்கிற்று. சொற்களோடு நாள் கழிக்கும் நமக்கு இங்கே ஒரு சிறு வேடிக்கை தோன்றுகின்றது. 'பள்ளி' என்றால் நமக்குப் பாடசாலை. மலையாளிகளுக்கோ மாதாகோயிலும் மசூதியும் பள்ளியே. இம்மிஷனார் சென்ற இடமெல்லாம் எழுத்தறிவித்தலையும் வழிபாட்டையும் இணைத்தே நடத்தினர். ஆதலின் இரு மொழிப் பொருளும் அவர்களுக்குப் பொருந்தின.

அச்சபையில் வந்து சேர்ந்தோர் யாவர்? பெரும்பாலும் நாடார்களும், புலையர், பறையர் முதலியோருமே. 1836ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர் எனக் கண்டனர். விளைநிலத்தோடு மனிதரும் விற்கப்பட்ட காலம் அது. 1847இல் மிஷனரிமார் அடிமை முறையை ஒழிக்குமாறு மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தனர். 1855இல் ஒழிப்பு விளம்பரம் வெளியாயிற்று. நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த பெருங்கலகத்தின் பின், 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதற்கும் அனுமதி கிடைத்தது. ஆயினும் விளம்பரம் வேறு, வழக்கம் வேறு. தாழ்த்தப்பட்டோர் பொதுச் சாலையில் நடப்பதற்கும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

இச்சாதிப் பேதம் வெளியே மட்டும் இருந்ததென்று கொள்வது தவறு. 1818இல் நாகர்கோவிலுக்கு வந்து அப்பணியைப் பெருக்கிய சார்லஸ் மீட் என்பாரின் வாழ்க்கையே அதற்குச் சான்று. மனைவியை இழந்த அவர், 1850களின் தொடக்கத்தில் பறையர் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவரின் மகளான லோயிஸ் என்பாரை மணந்தார். உடன் ஊழியம் செய்த ஐரோப்பியரே அதனைப் பொறுக்கவில்லை. முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசாங்கமே அவரைக் கல்விப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1873இல் திருவனந்தபுரத்தில் காலமானார். சமத்துவத்தைப் போதித்தவர்கள் அதை மணப்பந்தலில் கண்டபோது திகைத்தார்கள் என்பதே நம் கருத்து.

1859இல் வந்த சாமுவேல் மெற்றீர் பெயரை இன்றைய ஆலயம் தாங்குகின்றது. அவர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலுக்கு 'தருமபூமி' என்று பொருள்படும் பெயரையே இட்டார். அந்நாட்டு மக்கள் தம் நாட்டைக் குறித்த பெயர்தான் அது. ஊட்டுப்புரையில் ஒரு சாராருக்கு நாள்தோறும் விருந்தளித்த நாட்டில், வயலில் உழைத்தவன் நிலை யாதென்பதை அந்நூல் விரித்துரைக்கின்றது. தலைப்பை மொழிபெயர்த்துவிடலாம், அதனுள் மறைந்த ஏளனத்தை மொழிபெயர்ப்பது எளிதன்று. அவர் மறைந்தபின் 1906இல் அவர் நினைவாக ஆலயம் எழுப்பப்பட்டது.

வெள்ளைக்காரர் பெயரையே சொல்லிச் செல்வது முறையாகாது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவல்சலம் சாஸ்திரியார் தமிழ்க் கீர்த்தனைகளில் ஊறியவர். தமிழ்ப் பாடல்கள் பலவற்றை மலையாளத்தில் ஆக்கித் தாமும் புதிது புதிதாய் இயற்றினார். 1916இல் அவர் மறைந்தார். கேரளத்தின் பற்பல சபைகளிலும் அவர் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.

லண்டன் சங்கம் 1795இல் தோன்றியது. எந்தத் திருச்சபை முறையையும் பிற நாட்டார்மீது சுமத்துவதில்லை. அவரவர் சபையை அவரவரே அமைத்துக்கொள்க என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பேராயர் என்று ஒருவர் அங்கே இல்லை. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தபோதும் அப்படியே. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான் இச்சபையார் பேராயரை ஏற்றனர்.

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாட்டெல்லை மாறிற்று, பேராயம் மட்டும் மூன்றாண்டு ஒன்றாகவே இருந்தது. 1959இல் அதுவும் கன்னியாகுமரிப் பேராயம், தென்கேரளப் பேராயம் என இரண்டாயிற்று. மயிலாடி ஒரு பக்கமும் பாளையம் மறுபக்கமும் ஆயின. தென்கேரளப் பேராயத்தின் தலைமையகம் எல்.எம்.எஸ். வளாகத்திலேயே இருக்கின்றது. தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கும் அன்பர்கள் மகாத்மா காந்தி சாலையில் நேரே வடக்கு நோக்கிச் சென்றால் அதனைக் காணலாம்.