கூடைகள் போன பிறகு



லண்டன் நடுவில் கோவென்ட் கார்டன் என்று ஓர் இடம். முதலில் துறவிகளின் தோட்டம். பிறகு முந்நூறு ஆண்டுகள் காய், கனி, பூச்சந்தை. விடியும் முன்னே லாரிகள் நெருக்கும். சுமைதூக்கிகள் தலையில் கூடைமேல் கூடை அடுக்கி ஓடுவார்கள். நெரிசல் தாங்காமல், சந்தையை ஆற்றுக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்கு மாற்ற முடிவாயிற்று. 1974-ல் மாறியது.

காலியாகும் இடத்துக்கு 1968-லேயே பெருநகர மன்றம் வரைபடம் போட்டுவிட்டது. அகலச் சாலைகள், ஹோட்டல்கள், மாநாட்டு மண்டபம். பழைய கட்டடங்களில் பெரும்பகுதி இடிபடும். சந்தை போனால் ஊரே போய்விடும் என்று நினைத்தார்கள் போலும். சுமைதூக்கிகளின் குடும்பங்களும், நாடகக் கொட்டகை ஊழியர்களும், சிறு பட்டறைக்காரர்களும் அங்கேதான் வாழ்ந்தார்கள்.

திட்டம் உருவாகும்போதே மக்களைக் கேளுங்கள் என்று 1969-ல் ஸ்கெஃபிங்டன் குழு அரசுக்குச் சொன்னது. இங்கே நடந்ததோ, கல்யாணப் பத்திரிகை அடித்து முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதை. 1971-ல் குடியிருப்போர் சங்கம் கிளம்பியது. வரைபடம் போட்ட குழுவிலேயே இருந்த பிரையன் ஆன்சன் அவர்கள் பக்கம் வந்துவிட்டார், குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு பொது விசாரணை. மறு ஆண்டு, திட்டக் குழுவின் தலைவி லேடி டார்ட்மவுத்தே பதவி விலகினார். திட்டத்தை ஆதரிக்கும் ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பிறகு வந்ததுதான் வேடிக்கை. 1973 ஜனவரியில் அமைச்சர் ஜெஃப்ரி ரிப்பன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். கையோடு சுமார் 250 கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்த்தார். இலையைப் போட்டுவிட்டுச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போன கதைதான். இடிக்க எதுவும் மிச்சமில்லாமல் திட்டம் படுத்துவிட்டது.

மக்கள் ஜெயித்தார்களா? கட்டடங்கள் ஜெயித்தன என்பேன். 1830-ல் எழுந்த சந்தை மண்டபம் 1980-ல் கடைவீதியாகத் திறந்தது. இன்று அங்கே சோப்பும் வாசனைத் திரவியமும் கிடைக்கும். வெளிநாட்டுப் பயணிகள் மொய்க்கிறார்கள். ஒரு கிலோ வெங்காயம் வாங்க வேறு தெருவைத் தேட வேண்டும். வாடகை ஏற ஏற, பட்டறைகள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்தன. இடிக்கக் கூடாது என்று பட்டியலில் எழுதலாம். வாடகை ஏறக் கூடாது என்று எழுத அதில் பத்தி கிடையாது.

அந்தச் சங்கம் மட்டும் கலையவில்லை. நடுநிசி மதுக்கூடங்களின் இரைச்சலுக்கும், நடைபாதையை அடைக்கும் நாற்காலிகளுக்கும் எதிராக இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறது.