யார் லாபத்திற்கு இந்தச் சந்தேகம்?

(டோம்பிவிலி கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் பீடி, சிகரெட் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "எங்கள் தாத்தா எண்பது வயதுவரை பீடி குடித்தார். டாக்டர் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டுமா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. யார் சொன்னாலும் கேள்வி கேட்பது நம் உரிமை. ஆனால் கேள்வி கேட்டவர் பதிலையும் கேட்க வேண்டும்.

ரயில்வேயில் இருக்கும் எங்களுக்குத் தெரியும்: தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறவர்களில் பெரும்பாலோர் வீடு போய்ச் சேருகிறார்கள். அதனால் தாண்டுவதில் ஆபத்தில்லை என்றாகுமா? பிழைத்தவர் வந்து பேசுவார். போனவர் வந்து பேசமாட்டார். அதனால்தான் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது.

2015-இல் பீடி, சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கைப் படம் 85 சதவீத இடத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வர இருந்தது. அதைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று இந்தியாவில் எந்த ஆய்வும் சொல்லவில்லை என்றார். அதே குழுவில் இருந்த ஷ்யாம சரண் குப்தா பீடித் தொழில் முதலாளி! விதி ஓராண்டு தள்ளிப்போய், 2016 ஏப்ரலில்தான் நடப்புக்கு வந்தது.

இந்திய ஆய்வு இல்லையாம். இங்கே வண்டி ஏறினால் பரேல். அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனை நோயாளிகளை வைத்து சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் செய்த ஆய்வு 1955-லேயே வெளிவந்தது. புகைப்பதற்கும் புகையிலை மெல்லுவதற்கும் வாய், தொண்டைப் புற்றுநோயோடு உள்ள தொடர்பை அது காட்டியது.

நம் ஊர்க் கணக்கையும் கேளுங்கள். சென்னையிலும் விழுப்புரத்திலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு டாக்டர் கஜலட்சுமி குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்களில் நான்கு மடங்குக்கும் மேல்! கிராமத்தில் அவர்கள் குடித்தது பெரும்பாலும் பீடி. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் நமக்கு இதைவிட வேறென்ன எச்சரிக்கை வேண்டும்?

1954-இல் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் ஒன்றுகூடி, 'கேடு நிரூபணமாகவில்லை' என்று நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. சந்தேகம் நீடிக்கும் வரை வியாபாரம் நீடிக்கும். இங்கும் அதே தந்திரம்தான்.

"பீடி சுற்றும் பெண்களின் வயிறு என்னாவது?" என்று கேட்கிறார்கள். நெல்லை, தென்காசிப் பக்கம் நம் அக்கா தங்கைகளும் சுற்றுகிறார்கள். புகையிலைத் தூளைச் சுவாசிப்பதும் அவர்கள்தான். அவர்கள்மேல் அக்கறை உள்ள முதலாளி முதலில் நியாயக் கூலியும் சேமநிதியும் கொடுக்கட்டும். அரசு மாற்றுத் தொழில் கொடுக்கட்டும். அவர்கள் வறுமையை நம் நெஞ்சுக்கூட்டுக்கு எதிராக நிறுத்த வேண்டாம்.

எங்களிலும் பலர் புகைத்தவர்கள்தான். விடுவது கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதற்குக் காசில்லை. இனி நம் கூட்டத்தில் தேநீர் உண்டு, பீடிக்கட்டு கிடையாது.

பெரியவரே, தொடர்ந்து கேள்வி கேளுங்கள். டாக்டரைக் கேட்ட அதே கேள்வியைப் பீடிக் கம்பெனியையும் கேளுங்கள்.