தூரத்திலிருந்து செய்யும் களப்பணி
(திருவிடைமருதூரில் சமூகப்பணி மாணவர்களிடையே ஆற்றிய உரை)



சமூகப்பணி படிப்பவர் ஏட்டுப் படிப்போடு களப்பணியும் செய்தாக வேண்டும். இந்தப் படிப்பு நம் நாட்டில் 1936ல் பம்பாயில் டாட்டா பள்ளியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1952ல் வந்தது. 2020ல் கொரோனா ஊரடங்கில் களமே அடைபட்டது. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகச் செய்யுங்கள் என்றார்கள். சிவில் உரிமைச் சட்டங்களை அப்படித் தூரத்திலிருந்தே ஆராய்வதும் களப்பணியாயிற்று. "சேரிக்குள் கால் வைக்காதது என்ன களப்பணி?" என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். அதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

சவுக்கடியும் சாணிப்பாலும் கண்ட ஜில்லா இது. அதே 1952ல் இங்கே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார்கள் சும்மா இருந்தார்களா? பண்ணையாட்களை வேலையை விட்டே நீக்கினார்கள். காகிதத்திலிருந்த சட்டத்தைச் சங்கத் தோழர்கள்தான் ஊர் ஊராகச் சுமந்துபோய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976ல் அதுவே சிவில் உரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் 2015ல் திருத்தம் செய்து 15-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விசாரணைத் தேதியைப் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. வக்கீலின் உதவியைப் போலவே சமூகப் பணியாளரின் உதவியையும் பெற அவருக்கு உரிமை உண்டென்றும் சொல்கிறது. மாணவர்களே, சட்டம் உங்களைப் பேர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறது!

நடப்பதென்ன? நடவுக் காலத்தில் ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ஒரு தாய் தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் போகிறாள். வாய்தா! இன்னொரு தடவை போகிறாள். மறுபடியும் வாய்தா. மூன்றாவது தடவை அவள் போவதில்லை. இதற்குள் சாட்சிக்கு யாரோ கடன் கொடுக்கிறார்கள். அவர் பிறழ்சாட்சி ஆகிறார். எதிரி ஜெயிப்பது வாதத்தினால் அல்ல, வாய்தாவினால்.

இங்கேதான் தூரத்து மாணவர் பயன்படுவார். கோர்ட்டு இணையதளத்தில் தேதியைப் பார்த்து முதல்நாள் இரவே போன் செய்யலாம். கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்பது விதி. கூடிற்றா, என்ன பேசிற்று என்று 2005ம் வருஷத் தகவல் சட்டப்படி மனுப் போடலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். இதற்குச் சேரிக்கு வரவேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். நம் தோழர்களிடம் கொஞ்சம் குறைவாக இருக்கும் சரக்கு அது.

ஆனால் போனில் கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கோம்" என்பார்கள். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. சுடுகாட்டுப் பாதையில் எந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டாது. அதைக் காட்ட இங்கே ஆள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் அங்கே ஒரு மாணவர், இங்கே ஒரு சங்கத் தோழர். மார்க்குக்கான அறிக்கையில் பாதிக்கப்பட்டவரின் பேரும் ஊரும் வரக்கூடாது. பருவம் முடிந்து நீங்கள் போகும்போது அடுத்த வாய்தாத் தேதியை எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

கூட்டம் முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம். எந்த வழக்கு யாருக்கு என்பதை இன்றே எழுதிக்கொள்வோம்.