ஒளியிழையும் உபகரணத் தேர்வும்



பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ, அங்கிருந்து ஆவடிக்கும் குன்றத்தூருக்கும் பிரியும் சாலைகளிலோ செல்பவர்கள் சற்றே தலை நிமிர்ந்து பார்த்தால், கம்பத்துக்குக் கம்பம் தொங்கிச் செல்லும் கறுத்த, மெல்லிய கேபிள்களையும், ஆங்காங்கே வளையமாகச் சுருட்டிக் கட்டிவைத்த அவற்றின் மிச்சங்களையும் காணலாம். வீடுதோறும் இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழைகள் அவற்றினுள்தான் இருக்கின்றன. அந்த இழையின் முனையில் பொருத்தும் உபகரணங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்றைய விஷயம். கடைக்குச் செல்கிறவர்கள் முதலில் விசாரிப்பது பெட்டியின் வேகத்தையும் விலையையும்தான். ஆனால் தம் வீட்டுக்கு வரும் லைனின் தன்மையை அறியாமல் வாங்கும் உபகரணம், எத்தனை உயர்ந்த விலையுடையதாயினும், பிரயோஜனப்படாது என்பது என் அபிப்பிராயம்.

இழையின் மொத்தப் பருமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதனுள்ளும் ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான் மட்டுமே. கண்ணாடியில் ஒளி வெகுதூரம் பிரயாணம் செய்யாது என்று பலரும் கருதியிருந்த காலத்தில், குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதில் கலந்துள்ள அசுத்தங்களினுடையது என்று 1966-இல் சார்லஸ் காவ் என்னும் விஞ்ஞானி எடுத்துரைத்தார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் செய்துகாட்டிய இழையில், ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு ஒளியே எஞ்சியது. அதுவே அன்று மகத்தான வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. இன்றைய நல்ல இழையிலோ, பூந்தமல்லியிலிருந்து கோயம்பேடு வரை சென்ற பின்னும் ஒளியில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். காவ் அவர்களுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இழை இத்தனை சுத்தமாயிருந்தும் வீட்டு இணைப்பு தடைபடுவானேன்? செம்பரம்பாக்கம் ஏரியின் மதகிலிருந்து வரும் நீரைப் பல வாய்க்கால்கள் பங்கிட்டுக்கொள்வது போல, இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஒரே இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர் என்னும் சிறிய சாதனம், உதாரணமாக, 32 வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. ஒளியின் இழப்பை டெசிபெல் என்னும் அளவால் கணக்கிடுவார்கள். 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகும், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். நிலையத்தில் பிளஸ் 3 என்ற அளவில் புறப்படும் ஒளி, ஸ்ப்ளிட்டரில் சுமார் 17-ஐயும், ஐந்து கிலோமீட்டர் இழையில் ஒன்றரையையும், ஜாயிண்டுகளிலும் கனெக்டர்களிலும் இரண்டையும் இழந்து, வீட்டுக்குள் மைனஸ் 18-ஐ ஒட்டி வந்து சேருகிறது. ஜிபான் என்னும் இணைப்பு முறையில் சாதாரணமாக வழங்கப்படும் வீட்டுப் பெட்டிகள் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடைப்பட்ட ஒளியைத்தான் ஏற்கும். மைனஸ் 26 என்று வரும் லைனில், கேபிள் சற்றே மடங்கினாலும் ஒளி வந்து சேரவில்லை என்பதைக் காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு பெட்டியில் எரிந்துவிடும். அந்நிலையில் புதிய ரவுட்டர் வாங்குவது வீண்செலவே. ஆதலால் இணைப்புத் தர வரும் ஊழியரிடம், "பவர் மீட்டரில் எத்தனை வருகிறது?" என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலைக்காகவும் குடிநீர்க் குழாய்க்காகவும் சாலைகள் தோண்டப்படும் நம் பகுதியில், அறுபட்ட கேபிளை ஒட்டவைத்த பிறகு அதே எண் திரும்ப வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம்.

அடுத்தது பெட்டியின் இனம். ஜிபான், ஈபான் என்று இரு முறைகள் உண்டு. ஒன்றுக்கான பெட்டி மற்றொன்றில் வேலை செய்யாது. சில நிறுவனங்கள் ஜிபானைக் கையாள்கின்றன. உள்ளூர்க் கேபிள்காரர்களில் பலர் ஈபானைக் கையாள்கிறார்கள். இரண்டையும் ஏற்கும் எக்ஸ்பான் பெட்டிகளும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும், அதைத் தம் நிலையத்தில் பதிவு செய்ய நிறுவனத்தார் சம்மதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது விவேகம். பிறகு பெட்டியின் பின்புறத்தைக் கவனியுங்கள்: மலிவான பெட்டிகளில் சில போர்ட்டுகள் விநாடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும், 200 மெகாபிட் திட்டத்துக்குச் சந்தா கட்டுகிறவர் கம்ப்யூட்டரை அந்தப் போர்ட்டில் செருகினால், பாதிப் பணம் மாதந்தோறும் விரயமாகிறது.

கனெக்டரின் நிறத்தையும் அலட்சியம் செய்யலாகாது. பச்சை நிற முனையின் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகவும், நீல நிற முனையினுடையது சாய்வின்றியும் தேய்க்கப்பட்டவை. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் உட்காரத்தான் செய்யும், ஆனால் கண்ணாடியும் கண்ணாடியும் முழுமையாகப் பொருந்தாமல் இடையில் ஒளி வீணாகும். கழற்றிய முனையை விரலால் தொடுவதும், சட்டைத் துணியால் துடைப்பதும் கூடாது. 9 மைக்ரான் வழியை அடைக்க ஒரு தூசு போதும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதோ அதைவிட அபாயம். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத லேசர்.

திருமழிசை, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் பட்டறை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு ஷெட்டுகளை இணைக்கச் செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழையைப் போட்டால், ஐப்பசி கார்த்திகை இடியின்போது ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு மின்தாக்கு பரவாது; இழையோடு வரும் எஃகுக் கம்பியை மட்டும் ஒழுங்காக எர்த் செய்துவிட வேண்டும். இழையின் இரு முனைகளிலும் பொருத்தி, ஒற்றை இழையிலேயே போக்கும் வரவும் நடத்தும் மாட்யூல்கள் ஜோடியாகவே வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது அதற்கு மாறாகச் செய்யும். ஒரே வகையில் இரண்டை வாங்கியவர் எந்தப் பயனையும் காணார். இருநூறு மீட்டர் தூரத்துக்கு 80 கிலோமீட்டர் மாட்யூலைப் போடுவதும் தவறு. மிதமிஞ்சிய ஒளி வாங்கும் பக்கத்தையே கெடுத்துவிடும்.

நேயர்களே, நம் குழந்தைகளின் படிப்பும், சிறு வியாபாரிகளின் கணக்கும் இந்த மெல்லிய இழையை நம்பியிருக்கின்றன. லைனில் வரும் ஒளியின் அளவு, பெட்டியின் முறை, போர்ட்டின் வேகம், கனெக்டரின் நிறம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் அருகிலேயே ஒட்டிவையுங்கள். பழுது நேரும் நாளில், எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்பதை நீங்களே தைரியமாகச் சொல்லலாம்.